நூற்றெண்பது நாள் விருந்தாளிகள்

2012 டிசம்பர் 14: சுற்றுலா அனுமதி, இருவருக்கு, 590 பேசோ.
அதே நாள்: வண்டி அனுமதி, 51 டாலர்.
அதே நாள்: வண்டிக்கு முன்பணம், 200 டாலர்.
2013 ஜூன் 12: முன்பணம் பறிபோனது, 200 டாலர்.
2013 ஜூலை 2: முதல் விண்ணப்பம், தபால் செலவு 1 டாலர் 10 சென்ட்.
2014 பிப்ரவரி 19: இரண்டாம் விண்ணப்பம், 1 டாலர் 15 சென்ட்.
2016 அக்டோபர் 5: மூன்றாம் விண்ணப்பம், 1 டாலர் 15 சென்ட்.
2019 பிப்ரவரி 6: சுற்றுலா அனுமதி, இருவருக்கு, 1,116 பேசோ.
அதே நாள்: வண்டிக்கு முன்பணம், 200 டாலர்.
2019 ஆகஸ்ட் 2: முன்பணம் திரும்பக் கிடைத்தது, 200 டாலர்.

இவ்வளவும் நிக்கனோர் சமர்ரீப்பாவின் கைப்பணம். ரசீதுகளையும் வந்த கடிதங்களையும் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு தாளைத் தவிர எல்லாம் அதில் இருந்தன. அந்த ஒரு தாள் எங்கே போயிற்று என்பது கடைசியில்தான் தெரிந்தது.

நிக்கனோர் 1941-இல் மத்தெவாலா நகரத்துக்குக் கிழக்கே முப்பத்தெட்டு கிலோமீட்டர் மண்பாதையில் உள்ள போசோ ஒந்தோவில் பிறந்தார். 1962-இல் எல்லை ஆற்றைத் தாண்டி அமெரிக்காவின் டெக்சஸ் போனார். செகின் நகரத்தில் நாற்பத்தோரு வருஷம் வீடுகளுக்கு சிமென்ட் தரை போட்டார். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். 1965-இல் ஊருக்கு வந்து எல்விராவைக் கட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் பிறக்கவில்லை. 1996-இல் இருவரும் கையுயர்த்தி உறுதிமொழி சொல்லி அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள்.

அன்றிலிருந்து பிறந்த மண்ணுக்குப் போக அவர்களுக்குச் சுற்றுலா அனுமதி வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் காட்டினால் வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பிறந்த காலத்தில் பதிவு செய்ய வேண்டுமானால் கழுதைமேல் மத்தெவாலா போய்வர இரண்டு நாள் ஆகும். பஞ்ச காலத்தில் அதற்கு யாருக்கு நேரம் இருந்தது? ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. அதை எல்லையில் யாரும் ஏற்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு டிசம்பரிலும் லரேடோ பாலத்தைத் தாண்டியதும் ஆற்றங்கரை அனுமதி அலுவலகத்தில் நிற்பார்கள். முதல் ஜன்னலில் ஆளுக்கு அனுமதி. இரண்டாவதில் நகல் எடுப்பது. மூன்றாவதில் வண்டிக்கு அனுமதி. வண்டி திரும்பி வெளியே போகும்வரை அங்கே முன்பணம் கிடக்கும். கொடுக்கும் தாளின் அடியில் மினுமினுவென்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். திரும்பி வரும்போது அதிகாரியே வந்து அதைப் பெயர்த்தெடுத்தால்தான் வண்டி நாட்டை விட்டுப் போனதாகக் கணக்கு.

2012 டிசம்பர் 14 அன்று முதல் ஜன்னலில் இருந்த பெண், "பயண நோக்கம் என்னங்க ஐயா?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போறோம்."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லீங்களே. சுற்றுலா, வியாபாரம், மத்தவை. அவ்ளோதான்."

"மத்தவைன்னா?"

"மத்தவைன்னா நான் நிறையக் கேள்வி கேப்பேன். நீங்க நிறையப் பதில் சொல்லணும்."

"அப்ப சுற்றுலாவே போடும்மா."

பின்னால் நின்ற எல்விரா சும்மா இருக்கவில்லை. "ஆமாமா, பெரிய சுற்றுலா. ஆட்டுப் புழுக்கை பாக்கத்தான் ஐந்நூறு மைல் போறோம். போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்களும் அதே மாதிரி ஊர்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். நூற்றெண்பது நாள்.

போசோ ஒந்தோவில் இவர்களுக்காகக் காத்திருந்தவள் எல்விராவின் அக்கா சிப்ரியானா. ஆறு வயது மூத்தவள். தாய் செத்தபோது எல்விராவுக்கு நாலு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் ஊரை விட்டு நகரவில்லை. காட்டுக் கற்றாழை மடலைச் சுரண்டி நார் எடுத்து விற்றுச் சாப்பிட்டாள். வடக்கே வர இரண்டு தடவை விசா கேட்டாள். இரண்டு தடவையும் கைவிரித்துவிட்டார்கள். அதனால் அக்கா தங்கை சந்திப்பதென்றால் தங்கை போனால்தான் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று நான்கு வாரம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளில், வடக்கிலிருந்து வந்த வண்டிகளையெல்லாம் கோவில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். பாதிரியார் ஒவ்வொன்றின்மேலும் தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் யாரும் திரும்பிப் போவார்கள். வண்டியைக் கழுவி நிறுத்துவது வீட்டுக்காரர்கள் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. மழை இல்லாத ஊர் அது. வாரம் ஒரு முறை தண்ணீர் லாரி வரும்.

2013 ஜனவரி 6 அன்று நிக்கனோர் எழுந்து வெளியே வந்தபோது அவருடைய 1998-ஆம் வருஷத்துப் பிக்கப் வண்டி பளபளவென்று நின்றது. சிப்ரியானா முழங்கைவரை நனைந்திருந்தாள். பக்கத்தில் நாலு வாளி கவிழ்ந்து கிடந்தன. அவளுக்கு நாலு வாளி என்றால் ஆறு நாள் தண்ணீர்.

"பாருங்க மாப்பிள்ளை. கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியல. கைய வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

நிக்கனோர் பார்த்தார். முன்கண்ணாடி நிஜமாகவே காற்று மாதிரி இருந்தது. டெக்சஸ் பதிவு ஸ்டிக்கரும் இல்லை, எல்லையில் கொடுத்த ஸ்டிக்கரும் இல்லை.

"இங்க என்னமோ ஒட்டியிருந்துச்சே அக்கா?"

"அந்த அழுக்குத் தாளுங்களா? சுரண்டி எடுத்துட்டேன். சாமி முன்னாடி நிக்கற வண்டில விலைச்சீட்டு மாதிரி அது எதுக்கு? கற்றாழை சுரண்டுற கையி இது. ஒரு கீறல் விழுந்திருந்தா சொல்லுங்க பாப்போம்."

அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்த்தார். சாம்பலில் ஒரு சுருள் கருகிக் கிடந்தது. டெக்சஸ் என்பதன் பாதி எழுத்து அதில் தெரிந்தது. இரண்டுமே போயிற்று என்று முடிவு செய்துகொண்டார். வெளியே வந்தார். சிப்ரியானா இன்னும் அதே இடத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குக்கா," என்றார். "என் வண்டி வாங்கின அன்னிக்குக்கூட இப்படி இல்ல."

பாதிரியார் தெளித்த தீர்த்தம் அந்தக் கண்ணாடியில் நிற்காமல் வழிந்தது.

ஜனவரி 8 அன்று எல்லையில், எல்விரா வண்டியில் தூங்கிக்கொண்டிருக்க, நிக்கனோர் மட்டும் இறங்கி மூன்றாவது ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்த இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"ஸ்டிக்கர் எங்கங்க?"

"போயிடுச்சு தம்பி. வண்டி இதோ நிக்குது. நம்பரைப் பாத்துக்கோ."

"வண்டி நிக்கறது எனக்குத் தெரியுதுங்க ஐயா. எனக்குக் கண்ணு இருக்கு. கம்ப்யூட்டருக்கு இல்லையே. ஸ்டிக்கர் இல்லாம இத முடிக்க முடியாது. யாரு எடுத்தா, எங்க எடுத்தாங்கன்னு அந்த ஊர் போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க."

"எழுதி வாங்கலன்னா?"

"முன்பணம் போகும். வண்டி இன்னும் எங்க நாட்டுலதான் இருக்குன்னு இருக்கும். உங்க பேருல வேற எந்த வண்டியும் உள்ள வர முடியாது. இதுவும் வர முடியாது, ஏன்னா இதுதான் ஏற்கெனவே உள்ள இருக்கே."

நிக்கனோர் வண்டிக்குத் திரும்பினார். எல்விரா கண்ணைத் திறக்காமலே, "முடிஞ்சுதா கிழவா?" என்றாள்.

"முடிஞ்சுது," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் ஆறு வருஷம் போயிற்று.

சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்வதாகத்தான் இருந்தார். ஆனால் எல்விராவிடம் சொன்னால் அது சிப்ரியானாவின் காதுக்குப் போகும். ஆறு நாள் தண்ணீரைக் கொட்டிக் கழுவிய கை அது. போலீஸ் தாளில் அவள் பெயரை எழுத அவருக்கு மனம் வரவில்லை. வேறு வழி கிடைக்கும், கடிதம் எழுதிப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார். மூன்று விண்ணப்பம் போட்டார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: ஸ்டிக்கரைக் கொண்டு வரவும், அல்லது போலீஸ் சான்று கொண்டு வரவும்.

2013 மார்ச்சில் எல்விரா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. பதினாலு மணி நேர பஸ் பயணம் கனவிலும் கூடாது. விமானம் என்ற பேச்சை எடுத்தாலே சிலுவை போட்டுக்கொள்வாள். பிக்கப்பின் பின்பகுதியில் கூரை போட்டு மெத்தை விரித்தால் படுத்துக்கொண்டே போகலாம். அது ஒன்றுதான் வழி. அது ஒன்றுதான் அடைபட்டுக் கிடந்தது. வேறு யாராவது தங்கள் வண்டியில் ஏற்றிப்போவார்களா என்று இரண்டு பேரிடம் கேட்டார். டிசம்பரில் ஊருக்குப் போகிற வண்டியில் எலி நுழைய இடம் இருக்காது. குளிர்பெட்டி, சைக்கிள், பிள்ளைகள், அதற்குமேல் ஒரு சோபா.

2015-இல் சர்க்கரை நோயால் எல்விராவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்ரியானா ஊர் மளிகைக்கடையிலிருந்து கூப்பிடுவாள். கடைக்காரி பெனீத்தாவின் போன் அது. கோவில் திருவிழா மைக் மாதிரி கத்துவாள். நிக்கனோருக்கு அடுத்த அறையிலும் கேட்கும்.

"ஏண்டி, இந்த வருஷமாவது வர்றியா இல்லையா?"

"வண்டி சரியில்லையாம்க்கா. எஞ்சின்ல என்னமோ கோளாறாம்."

"போன வருஷமும் எஞ்சின்தான். அதுக்கு முந்தின வருஷம் கியரு. வண்டிய மாத்தச் சொல்லுடி உன் புருஷன. மாத்தமாட்டேன்னா புருஷனையே மாத்து. எழுபது வயசுக்கு மேல நல்ல புருஷன் மலிவாக் கிடைப்பான்."

எல்விரா சிரிப்பாள். போனை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நிக்கனோர் வெளியே போவார்.

ஒரு காரியத்தை மட்டும் அவர் விடவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைக் கிளப்பி இருபது நிமிஷம் ஓடவிடுவார். எண்ணெய் மாற்றுவார். எந்தக் கடிதம் எப்போது வந்தாலும் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு.

2018 நவம்பர் 10, சனிக்கிழமை. எல்விராவின் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துகொண்டிருப்பதாக அந்த வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய அவள் சம்மதிக்கவில்லை. நிக்கனோர் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"உக்காரு கிழவா," என்றாள். "எனக்குக் காலுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. இந்த வண்டி ஆறு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டுப் பாடுது. எஞ்சின் கெட்ட வண்டி இப்படியா பாடும்? எனக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. என்னன்னு சொல்லு."

சொன்னார். தண்ணீர் வாளியிலிருந்து மூன்றாம் விண்ணப்பம் வரை எல்லாம் சொன்னார். தேதிகளோடு சொன்னார். சொல்லி முடித்தபோது எல்விராவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சாளா? அவளா? மிட்டாய் சுத்தின தாளையே மடிச்சு வெக்கிறவ. அது மினுக்குற தாளுன்னு சொன்ன இல்ல? மினுக்குறதை எங்கக்கா அடுப்புல போட்டா சூரியன் மேக்க உதிக்கும். கேட்டியா அவள?"

"கேக்கல."

"ஆறு வருஷமா கேக்கல."

"கேட்டா அவளுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும், எல்விரா. தன்னாலதான்னு."

சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சிருந்தா அவ ஒரு நாள் அழுதிருப்பா," என்றாள். "ஒரே ஒரு நாள். நான் எத்தன நாள் அழுதேன்னு உன் டப்பாவுல ரசீது இருக்கா?"

நிக்கனோரின் கைகள் முழங்காலின்மேல் கிடந்தன. சிமென்ட்டில் வெந்து தடித்த கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. சிப்ரியானா கூப்பிட்டதும் எல்விராவே கேட்டாள்.

"அக்கா, எங்க வண்டிக் கண்ணாடில மினுமினுன்னு ஒண்ணு இருந்துச்சே, அத என்ன பண்ணின?"

"அதுவா? குழந்தை ஏசு படத்துச் சட்டத்துல ஒட்டி வெச்சிருக்கேன். மெழுகுவத்தி ஏத்தினா வானவில்லு மாதிரி அடிக்கும். இன்னொரு தாளு கிழிஞ்சு கிழிஞ்சு வந்துச்சு, போட்டுட்டேன். இத வெந்நீர்த் துணி வெச்சு முழுசா உரிச்சேன். எதுக்குக் கேக்குற?"

எல்விரா கணவனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவ்வளவு நடந்த பிறகும் தலையசைத்தார். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லையில பழசக் குடுத்தா புதுசு தர்றாங்களாம்க்கா," என்றாள். "அனுப்பி வை. நாங்க வர்றோம்."

"வர்றீங்களா? எஞ்சின்?"

"எஞ்சின் சரியாயிடுச்சு."

"அப்ப குழந்தைக்கு நான் எத ஒட்டறது? சரி, சரி. நீ வா மொதல்ல."

ஊரிலிருந்து வடக்கே திரும்பிய ஒரு தச்சன் கையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே பொதிந்து, நவம்பர் 30 அன்று ஸ்டிக்கர் செகினுக்கு வந்தது. ஒரு மூலையில் மெழுகு உருகி ஒட்டியிருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது.

டிசம்பர் 11 அன்று நிக்கனோர் வண்டியோடு பாலத்தைத் தாண்டினார். ஆற்றங்கரை அலுவலகம் வரை வண்டி வரத் தடை இல்லை. மூன்றாவது ஜன்னலில் இப்போது இருந்தவள் பெராலெஸ் என்ற நடுத்தர வயதுப் பெண். ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"இதுல என்னங்க ஐயா இப்படிச் சாம்பிராணி வாசனை?"

"ஆறு வருஷம் சாமிகிட்ட இருந்துச்சும்மா."

"சாமிகிட்ட இருந்துமா காரியம் நடக்கல?"

"யாரும் கேக்கல," என்றார் நிக்கனோர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியின் அடிச்சட்டத்து எண்ணைக் குனிந்து படித்தாள். மூன்று தாளில் கையெழுத்து வாங்கினாள். "மேலிடத்துக்கு அனுப்புறேன். பேரை விடுவிச்சாச்சுன்னு கடிதம் வரும். வந்தப்புறம்தான் வண்டி கொண்டாரணும். எப்ப வரும்னு என்னக் கேக்காதீங்க."

நாற்பத்தொன்பது நாள் கழித்து, 2019 ஜனவரி 29 அன்று, அது வந்தது. பாதித் தாள். 2012 டிசம்பர் 14 அன்று நுழைந்த வண்டி, கண்ணாடியிலிருந்து அகற்றப்பட்ட ஸ்டிக்கர் ஆறு வருஷம் கழித்து ஒப்படைக்கப்பட்டதால், கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, உரிமையாளர் மேலிருந்த தடை விலக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. நிக்கனோர் படித்துக் காட்டினார். எல்விரா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 6 அன்று கிளம்பினார்கள். மெத்தைமேல் மெத்தை போட்டு, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து அவளைப் படுக்க வைத்திருந்தார். அனுமதி வேண்டுபவர் ஜன்னலுக்கு வந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எல்விராவால் முடியவில்லை. முதல் ஜன்னலில் இருந்த பெண் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்தாள்.

"பயண நோக்கம்?"

"எங்கக்காவப் பாக்க."

"சுற்றுலான்னு போட்டுக்கட்டுமா?"

"என்ன வேணா போடு கண்ணு."

"எத்தன நாளுங்க அம்மா? நூத்தியெண்பது வரைக்கும் தரலாம்."

"எனக்கு அவ்ளோ தேவைப்படாது," என்றாள் எல்விரா. "ஆனா குடு. குடுக்குறத ஏன் வேண்டாங்கணும்?"

அந்தப் பெண் நூற்றெண்பது என்று எழுதினாள். ஆகஸ்ட் 5 வரை.

மறுநாள் மதியம் போசோ ஒந்தோ. சிப்ரியானாவுக்கு வயது எண்பத்திரண்டு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. வண்டியின் பின்கதவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தாள். தங்கையை வெகுநேரம் பார்த்தாள். ஆறு வருஷத்தில் பாதியாகக் கரைந்திருந்த உடம்பு, இல்லாத கால்.

"என்னடி இது," என்றாள் கடைசியில். "ஒரு செருப்புக் காச மிச்சம் பிடிச்சிட்டியா?"

"பின்ன? உன்ன மாதிரி கஞ்சத்தனம்."

அப்புறம்தான் இருவரும் அழுதார்கள். நிக்கனோர் ஆட்டுப்பட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நூற்றொன்பது நாள் எல்விரா அங்கே இருந்தாள். அக்காவின் கட்டிலிலேயே படுத்தாள், அக்காவின் பக்கத்திலேயே. காலையில் சோள ரொட்டி சுடும்போது, "கருக்கிட்ட, கருக்கிட்ட" என்று படுத்தபடியே அதட்டுவாள். ஏப்ரலில் உருண்டைக் கள்ளியின் மொட்டுகளை முட்டையோடு வதக்கிச் சிப்ரியானா ஊட்டினாள். உப்பு பத்தவில்லை என்று சண்டை. சாயங்காலம் இருவரும் தங்களுக்குத் தெரிந்த செத்தவர்களையெல்லாம் வரிசையாகப் பேசுவார்கள். யார் முதலில் செத்தது என்பதில் விவாதம் வந்தால் நிக்கனோரைக் கூப்பிடுவார்கள். அவர் தேதி சொல்வார். குழந்தை ஏசு படச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. எல்விரா அதைப் பார்ப்பாள், சொல்லமாட்டாள்.

தன்மேல் இருந்த வருத்தம் போய்விட்டதா என்று நிக்கனோர் முதலில் கேட்கவில்லை. கேட்காமல் இருந்து பட்டது போதும் என்று ஒருநாள் துணிந்து கேட்டார்.

"இன்னும் கோவமா?"

"இருக்கு," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும். நீ தலைகாணிய சரி பண்ணு."

மே 27, விடிந்து ஏழு மணிக்கு எல்விரா இறந்தாள். தாயின் குழிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நகராட்சியில் கொடுத்த இறப்புச் சான்றிதழில், பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு நேரே போசோ ஒந்தோ என்று எழுதியிருந்தார்கள். சிப்ரியானா வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எழுதியது. எல்விரா அந்த ஊர்க்காரி என்று சொன்ன முதல் அரசாங்கத் தாள் அதுதான்.

ஆகஸ்ட் 2 அன்று, கெடுவுக்கு மூன்று நாள் முன்னால், நிக்கனோர் எல்லைக்கு வந்தார். வண்டியை அவர் கழுவவில்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர் மண்ணும் அதன்மேல் இருந்தது. முன்கண்ணாடியில் ஸ்டிக்கரைச் சுற்றிக் கை அகலத்துக்கு மட்டும் துடைத்திருந்தார். பெராலெஸ் சின்னக் கத்தியோடு வந்து ஒரே இழுப்பில் அதை எடுத்தாள். இருநூறு டாலரை எண்ணிக் கொடுத்தாள். அவர் இரண்டு சுற்றுலாச் சீட்டுகளையும் நீட்டினார்.

"இத முதல் ஜன்னல்ல குடுக்கணும் ஐயா. குடுங்க, நானே குடுத்துடறேன். அம்மா வண்டில படுத்திருக்காங்களா?"

"இல்லம்மா. அவ வரல."

பெராலெஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். அவர் சான்றிதழை எடுத்து அதன்மேல் வைத்தார். அவள் அதை முழுவதும் படித்தாள். பிறந்த இடம், இறந்த இடம் என்று இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் இருந்தது.

"வெளியேறவில்லைன்னு எழுதணும்," என்றாள் மெதுவாக.

"எழுதும்மா. அது சரிதான்."

செகின் வந்து சேர்ந்ததும் டப்பாவைச் சரிபார்த்தார். ஜனவரி 29-ஆம் தேதிக் கடிதம் மட்டும் இல்லை. எல்விராவின் உடுப்போடு மண்ணுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டியைக் கிளப்புவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவரால் சொல்ல முடிந்திருக்காது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. பெனீத்தாவின் கையெழுத்து, சிப்ரியானாவின் பேச்சு.

"மாப்பிள்ளைக்கு, மெத்தைய வெயில்ல போட்டேன். தலைகாணி உறைக்குள்ள ஒரு தாளு இருந்துச்சு. பெனீத்தா படிச்சா. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அந்த வாளிகள எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க என்கிட்டச் சொல்லல. நூத்தியொன்பது நாளு என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு அவளும் சொல்லல. உங்க ரெண்டு பேரையும் திட்டணும். அவளக் கல்லறையில போய்த் திட்டிட்டு வந்துட்டேன். மிச்சம் நீங்கதான். டிசம்பர்ல வாங்க. வண்டியோட வாங்க. கண்ணாடியத் தொடமாட்டேன்."

கடிதம் செகினில் கிடைத்த நாள் 2019 அக்டோபர் 9.